பக்க வழியில் 14 நொடிகள்: ஒரு ஃபிளாங்க் ஸ்கௌட் குறித்த நிகழ்வு ஆய்வு

பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் வளர்ந்த ஆறு பேர் சேர்ந்து ‘டீம் ஃபோர்ட்ரெஸ் 2’ என்ற கணினிச் சுடும் ஆட்டம் ஆடுகிறோம். பயிற்சி ஆட்டம் ஒன்றின் ஐந்தாவது சுற்றில், நடுப்புள்ளியைக் கைப்பற்றிய 14ஆவது நொடியில் எங்கள் அணி, சிகிச்சை தரும் ஆட்டக்காரரான தன் மெடிக்கை இழந்தது. அடுத்த இரண்டு நிமிடங்களுக்குள் கையிலிருந்த மூன்று புள்ளிகளையும் இழந்து, ஆட்டத்தையும் 3-2 என்று இழந்தது. அன்று செத்த மெடிக் நான். பக்க வழியைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டிய ஃபிளாங்க் ஸ்கௌட், எங்கள் அணியிலேயே வயதில் சிறியவரான தம்பி. தோல்விக்குக் காரணம் என்னவென்று அன்றிரவே ஆளுக்கொன்று சொன்னோம். ஆட்டப்பதிவை உட்கார்ந்து பார்த்தபோது, நாங்கள் சொன்ன எதுவும் முழுக் காரணம் இல்லை என்று தெரிந்தது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

ஆட்டமும் பொறுப்பும்

இந்த ஆட்டம் 2007 அக்டோபரில் வெளிவந்து, 2011 ஜூனில் இலவசமானது. பழைய கணினியிலும் ஓடும் என்பதால் தோட்டப்புற வீடுகளில் இது இன்னும் உயிரோடு இருக்கிறது. போட்டியாக ஆடுகிறவர்கள் பெரும்பாலும் ஆறுக்கு ஆறு என்ற முறையில் ஆடுகிறார்கள்: இரண்டு ஸ்கௌட், இரண்டு சோல்ஜர், ஒரு டெமோமேன், ஒரு மெடிக். வரைபடத்தில் ஐந்து புள்ளிகள் வரிசையாக இருக்கும். தொடக்கத்தில் ஓர் அணிக்கு இரண்டு. நடுப்புள்ளி யாருக்கும் சொந்தமில்லை. ஐந்தையும் பிடிக்கும் அணிக்கு அந்தச் சுற்று.

ஸ்கௌட்டுக்கு உயிர் 125 தான். சோல்ஜருக்கு 200, டெமோமேனுக்கு 175, மெடிக்குக்கு 150. உயிர் குறைந்த ஸ்கௌட்டுக்கு ஈடாகக் கிடைத்திருப்பவை வேகமும் இரட்டைத் தாவலும். ஆட்டத்தின் அளவில் ஒரு நொடிக்கு 400 அலகு தூரம் அவர் ஓடுவார். சோல்ஜர் நடந்தால் 240 தான். ஐந்து நொடி இருவரும் சேர்ந்து புறப்பட்டால் ஸ்கௌட் 800 அலகு முன்னால் போய்விடுவார். இந்த 800 அலகுதான் இந்த ஆய்வின் பாதி. அணியில் மிக வேகமானவர் தம் வேகத்தில் போனால், அணியில்லாத இடத்துக்குத்தான் போய்ச் சேருவார்.

இரண்டு ஸ்கௌட்டுகளில் ஒருவர் மெடிக், டெமோமேன், மெடிக்கை ஒட்டி நிற்கும் பாக்கெட் சோல்ஜர் ஆகிய மூவரோடும் ஒட்டி நடப்பார். அந்த மூவரைக் ‘காம்போ’ என்கிறோம். மற்றவர், ரோமர் எனப்படும் இரண்டாவது சோல்ஜரோடு பக்க வழியில் இருப்பார். அவரே ஃபிளாங்க் ஸ்கௌட். ஃபிளாங்க் என்றதும் எதிரியின் முதுகுப் பக்கம் பதுங்கிப் போய்ச் சுடுவது என்றுதான் புதிதாக வருகிறவர்கள் நினைக்கிறார்கள். நானும் பல ஆண்டு அந்த வேலையைப் பார்த்த பிறகுதான் மெடிக்குக்கு மாறினேன். எனக்குத் தெரிந்தவரை அந்த வேலையின் பெரும்பகுதி காவல். எதிரியின் ஃபிளாங்க் ஸ்கௌட் நம் மெடிக்கிடம் வந்து சேராமல் பார்த்துக்கொள்வதும், பக்க வழியில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று ஓயாமல் சொல்லிக்கொண்டிருப்பதும் முதல் கடமை. பாய்வது அதற்குப் பிறகுதான். பாயும் நேரத்தையும் அவர் தனியாகத் தீர்மானிப்பதில்லை. முன்னால் நிற்கும் காம்போ எதிரியின் கண்களைத் தன் பக்கம் இழுக்கும் கணம் எதுவோ அதுதான் அவருடைய நேரம்.

மெடிக்கின் சாவு ஏன் இத்தனை பெரிய இழப்பு என்பதையும் சொல்லிவிட வேண்டும். காயம்பட்டவருக்குச் சிகிச்சை தரத் தர, மெடிகன் என்ற அவருடைய சிகிச்சைக் கருவியில் யூபர்சார்ஜ் ஏறும். தடையின்றி ஏறினால் 40 நொடியில் நூறு விழுக்காடு. நிறைந்ததும், மெடிக்கும் அவர் பிடித்திருக்கும் ஆளும் 8 நொடிக்கு எந்தக் குண்டுக்கும் சாகமாட்டார்கள். எதிரியின் பக்கத்தில் நடுவுக்கு அடுத்த இரண்டாம் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் உடைக்கும் சாவி அதுதான். மெடிக் செத்தால் அதுவரை ஏறியதெல்லாம் பூஜ்யம்.

அன்று நடந்தது

பயிற்சி இரவு 10 மணிக்கு. எங்கள் ரோமர் ஆலையில் இரண்டாம் ஷிஃப்ட் முடித்து வருவதால் அதற்கு முன்னால் ஆறு பேர் கூடுவதில்லை. எதிரணி எங்களைவிட அனுபவம் கூடியது. சர்வர் சிங்கப்பூரில் இருந்தது. அன்று மாலை நல்ல மழை. தம்பியின் தோட்டத்தில் ஏழு மணிவாக்கில் ஒருமுறை மின்சாரம் போய் வந்ததாகவும் சொன்னார்.

ஐந்தாவது சுற்றின் நடுப்புள்ளிச் சண்டையை நாங்கள் நன்றாகவே ஆடினோம். எதிரியின் டெமோமேனும் பாக்கெட் சோல்ஜரும் விழுந்தார்கள். எங்கள் பக்கத்தில் ரோமர் மட்டும் போனார். அவர்களுடைய மெடிக் தப்பித்துப் பின்னால் ஓடிவிட்டார். புள்ளி எங்கள் நிறத்துக்கு மாறிய நொடியை இனி பூஜ்யம் என்று வைத்துக்கொள்கிறேன். அப்போது என் மெடிகனில் 78 விழுக்காடு இருந்தது. எதிரியிடம் அறுபதுக்குப் பக்கத்தில் இருக்கும் என்று கணக்கிட்டேன். யூபர் நிறைந்ததும் பெரிய வாசல் வழியாக இரண்டாம் புள்ளிக்குள் நுழைவது என்று முடிவு செய்து காம்போவும் இன்னொரு ஸ்கௌட்டுமாக நான்கு பேர் வாசலருகே நின்றோம். ரோமர் இல்லாததால் பக்க வழி முழுவதும் தம்பியின் பொறுப்பு.

ஐந்தாவது நொடியில் அவர் பக்க வழிக்குள் வந்தார். நடுப்புள்ளிச் சண்டையில் அடிபட்டு அவர் உயிர் 55 ஆக இருந்தது. ஏழாவது நொடியில் வழியின் மறுமுனையைத் தாண்டி எதிரியின் இரண்டாம் புள்ளி முற்றத்துக்குள் போய்விட்டார். அங்கே அடிபட்டு ஒதுங்கியிருந்த எதிரி ரோமரைக் கண்டு, ஒன்பதாவது நொடியில் அவரை வீழ்த்தினார். பன்னிரண்டாவது நொடியில், தம் மெடிக்கின் பக்கத்தில் நின்றிருந்த எதிரி ஸ்கௌட் அவரைச் சுட்டுக் கொன்றார். பதினான்காவது நொடியில் எனக்குப் பின்னாலிருந்து இரண்டு குண்டு. என் யூபர் அப்போது 94 விழுக்காடு.

ஸ்கௌட்டின் துப்பாக்கியான ஸ்கேட்டர்கன் மிக அருகிலிருந்து சுட்டால் ஒரு வெடியில் 105 வரை உயிரைக் குடிக்கும். என்னிடம் இருந்ததோ 150. முதல் வெடிக்கும் இரண்டாவதற்கும் இடைவெளி 0.625 நொடி. அந்த இடைவெளியில் மெடிக் திரும்பிப் பார்க்கலாம், அவ்வளவுதான். முன்னால் நின்ற மூவரும் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சொல்லப்பட்ட காரணங்கள்

தம்பி சொன்ன முதல் வார்த்தை, “அண்ணே, லேக் அடிச்சிருச்சுண்ணே. செவுத்துக்குப் பின்னால வந்துட்டேன், அப்புறந்தான் செத்தேன்.” தோட்டத்து இணையத்தையும் அன்றைய மழையையும் நினைத்தால் நம்பக்கூடிய பேச்சுதான்; நாங்கள் எல்லோரும் ஏதோ ஒரு நாள் சொல்லியிருக்கிறோம். ஆனால் இதைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. அவருடைய கணினியில் பதிவான ஆட்டத்தில் இணைப்பின் கணக்கு ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சுற்று முழுவதும் பிங், அதாவது சர்வருக்குத் தகவல் போய் வரும் நேரம், 30 மில்லிநொடியை ஒட்டியே இருந்தது. தரவு எதுவும் தொலையவில்லை.

சுவருக்குப் பின்னால் வந்த பிறகு செத்ததாக அவர் சொன்னது பொய்யுமில்லை. இந்த ஆட்டத்தின் சர்வர், சுடுகிறவர் சுட்ட கணத்தில் தம் திரையில் என்ன கண்டாரோ அந்தக் கணத்துக்கு மற்றவர்களின் இடங்களைப் பின்னோக்கி நகர்த்திப் பார்த்துத்தான் குண்டு பட்டதா என்று தீர்ப்புச் சொல்லும். ஆகவே ஓடுகிறவர் தம் திரையில் மறைந்துவிட்டாலும், சுடுகிறவர் திரையில் இன்னும் வெளியில்தான் இருப்பார். நொடிக்கு 400 அலகு ஓடும் ஸ்கௌட்டுக்குப் பத்தில் ஒரு நொடி என்பது 40 அலகு; ஏறக்குறைய ஓர் ஆளின் அகலம். வேகமாக ஓடுகிறவர்களுக்குத்தான் இந்த அநியாயம் கண்ணில் அதிகம் படும். இதைத் தேடும்போது இன்னொன்றும் கிடைத்தது. அண்மையில் கணினியைத் துடைத்து ஆட்டத்தைப் புதிதாக ஏற்றியதில், தம்பியின் ‘இன்டர்ப்’ அமைப்பு பழையபடி 100 மில்லிநொடிக்குப் போயிருந்தது. அதாவது மற்றவர்களின் அசைவைத் தேவையில்லாமல் பத்தில் ஒரு நொடி தாமதமாகவே அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அதை அன்றே குறைத்துவிட்டோம். ஆனால் இதெல்லாம் அவர் செத்த விதத்தைத்தான் விளக்குகிறது. ஏழாவது நொடியில் அவர் ஏன் அந்த முற்றத்தில் இருந்தார் என்பதற்கு இதில் பதில் இல்லை.

தம்பியின் குறி தவறியது என்று பாக்கெட் சோல்ஜர் சொன்னார். அதுவும் பொருந்தவில்லை. முற்றத்தில் அவர் சுட்ட நான்கில் மூன்று பட்டிருந்தன.

மூன்றாவது காரணத்தைச் சொன்னவன் நான், கொஞ்சம் கடுமையாகவே சொன்னேன்: கில் ஆசை. ஆட்டம் முடிந்து வரும் புள்ளிக்கணக்கில் தம்பிக்கு 27 கில். எங்கள் அணியிலேயே அதிகம். நான் 9 முறை செத்திருந்தேன். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, ஒருவர் கணக்கு ஏறுவதற்காக இன்னொருவர் சாகிறார் என்று தீர்த்துவிட்டேன். பாக்கெட் சோல்ஜர் திரையோடு சேர்த்துக் குரலையும் பதிவு செய்திருந்தார். அதில் எட்டாவது நொடியில் தம்பியின் குரல் தெளிவாகக் கேட்கிறது: “ஒருத்தன் லோ, ஒருத்தன் லோ, நான் எடுத்துர்றேன்.” இதைவிட என்ன சாட்சி வேண்டும் என்று அன்றிரவு நினைத்தேன். தம்பி பதில் பேசாமல் இணைப்பைத் துண்டித்துக்கொண்டார்.

இல்லாத மருந்துப்பெட்டி

ஞாயிறு காலை பட்டணத்து ஒட்டுக்கடை ஒன்றில் மடிக்கணினியைத் திறந்து வைத்து நானும் தம்பியும் ரோமரும் சர்வரின் ஆட்டப்பதிவைப் பார்த்தோம். அந்தப் பதிவில் பன்னிரண்டு பேரில் யாருடைய கண் வழியாகவும் பார்க்கலாம். முதல் தடவை தம்பியின் கண் வழியாகப் பார்த்தோம். அவர் பக்க வழிக்குள் நுழைந்ததும் இடப்பக்கம் திரும்பி, ஒரு கணம் நின்று, மறுபடி ஓடத் தொடங்குகிறார். ஏன் நின்றாய் என்று கேட்டேன்.

“பெட்டி எடுக்கப் போனேண்ணே. இல்ல. அதான் அந்தப் பக்கத்துப் பெட்டிக்குப் போனேன்.”

பக்க வழியில் நடுத்தர மருந்துப்பெட்டி ஒன்று உண்டு. அது ஒருவருடைய முழு உயிரில் பாதியைத் தரும், ஸ்கௌட்டுக்குச் சுமார் 63. உயிர் 55 ஆக இருந்தவர் அதை நம்பித்தான் அங்கே வந்திருக்கிறார். பெட்டி இல்லாததால் எதிரி முற்றத்தின் ஓரத்தில் இருக்கும் அதே போன்ற இன்னொரு பெட்டியைத் தேடிப் போயிருக்கிறார். போன இடத்தில் அடிபட்ட ரோமரைக் கண்டார், கண்டவரைச் சுட்டார். நான் ஆசை என்று சொன்னதன் தொடக்கம் பசி.

இப்போது இரண்டாவது தடவை, எதிரணியின் ஃபிளாங்க் ஸ்கௌட்டின் கண் வழியாகப் பார்த்தோம். இந்த ஆய்வு முழுவதற்கும் அடிப்படை அந்தப் பத்து நொடிதான். நாங்கள் புள்ளியைப் பிடித்த இரண்டாவது நொடியில் அவர் பக்க வழிக்குள் வந்து அந்தப் பெட்டியை எடுத்துக்கொள்கிறார். திரும்பிப் போகாமல் மாடிப்படிக்கு அடியில் சுவரோடு ஒட்டி நிற்கிறார். ஐந்தாவது நொடியில் தம்பி அவருக்கு எதிரே ஓடி வருகிறார். கைக்கெட்டும் தூரம், அரை உயிர், சுடுவதற்கு அத்தனை வசதி. அவர் சுடவில்லை. எங்கள் மூவருக்கும் பேச்சு வரவில்லை. தம்பி தாண்டிப் போகும்வரை அசையாமல் நின்று, இரண்டு நொடி விட்டு வெளியே வந்து, தாவாமல், குதிக்காமல், எங்கள் முதுகுப் பக்கமாக நடந்து வருகிறார். தாவினால் சத்தம் கேட்கும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு கில்லை வேண்டாம் என்று விட்டவர், 94 விழுக்காடு யூபரை வைத்திருந்த மெடிக்கை எடுத்தார். ஃபிளாங்க் ஆட்டம் என்றால் என்ன என்று இனி யாராவது என்னிடம் கேட்டால் நான் காட்டப்போவது அவரைத்தான்.

எடுக்கப்பட்ட மருந்துப்பெட்டி பத்து நொடி கழித்துத்தான் மறுபடி தோன்றும். ஆகவே காலியாக இருக்கும் பெட்டி இடம் என்பது ஒரு தகவல்: கடந்த பத்து நொடிக்குள் இங்கே யாரோ வந்திருக்கிறார். எங்கள் ஆட்களில் எவரும் அதை எடுக்கவில்லை என்றால், வந்தது எதிரி. பக்க வழி அவ்வளவு நீளமில்லை. பத்து நொடியில் அதை விட்டு வெளியேறிய ஒருவரை முற்றத்திலோ எங்கள் பக்கத்திலோ யாராவது பார்த்திருக்க வேண்டும். யாரும் பார்க்கவில்லை என்றால் அவர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். தம்பிக்கு அந்தக் காலி இடம் ஏமாற்றமாக மட்டும் தெரிந்தது. ‘பெட்டி இல்லை’ என்ற இரண்டு சொல்லை அவர் சொல்லியிருந்தால் நாங்கள் நான்கு பேரும் திரும்பியிருப்போம். சொல்ல வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. ஸ்கௌட் வேலையைப் பல ஆண்டு பார்த்த நானும் கற்றுத்தரவில்லை.

என் பங்கு

ஓர் ஆட்டக்காரருக்கு மெடிக் எவ்வளவு சிகிச்சை தந்தார் என்பதையும் அந்தப் புள்ளிக்கணக்கு காட்டும். ஆட்டம் முழுவதும் நான் கொடுத்ததில் தம்பிக்குப் போனது நூற்றுக்கு நான்கு. ஃபிளாங்கில் இருப்பவருக்குக் குறைவாகத்தான் போகும், அது இயல்பு. ஆனால் பூஜ்யமாவது நொடியில் அவர் என்னிடமிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றார். அப்போது என் மெடிகன் பாக்கெட் சோல்ஜர் மேல் இருந்தது. அவரோ ஏற்கெனவே 300 உயிரோடு, முழு உயிருக்கு மேலும் ஏற்றும் ஓவர்ஹீலின் உச்சத்தில் நின்றார். உச்சத்தில் நிற்பவர் மேல் கதிரை வைத்திருந்தால் யூபர் பாதி வேகத்தில்தான் ஏறும். பதினான்கு நொடியில் என் கணக்கு 78இலிருந்து 94க்கு மட்டும் ஏறியதன் காரணம் இதுதான். அடிபட்டு நின்ற தம்பி மேல் கதிரைத் திருப்பியிருந்தால் அவருக்கு உயிரும் வந்திருக்கும், எனக்கு யூபரும் முழு வேகத்தில் ஏறியிருக்கும். எட்டு ஒன்பது நொடியிலேயே நூறைத் தொட்டிருப்பேன். அதாவது எதிரி ஸ்கௌட் படிக்கு அடியிலிருந்து வெளியே வந்து சேர்வதற்கு முன்பே நாங்கள் வாசலைத் தாண்டியிருப்போம்.

இன்னொரு வழியும் என் கையில் இருந்தது. மெடிக்கின் வில்லான குருசேடர்ஸ் கிராஸ்போவின் ஓர் அம்பு தன் ஆளின் மேல் பட்டால், தூரத்தைப் பொறுத்து 75 முதல் 150 வரை உயிர் தரும். பக்க வழியின் வாயில் வரை அவர் என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தார். ஓர் அம்பு போதும். அவர் பெட்டியைத் தேட வேண்டிய தேவையே வந்திருக்காது. மெடிகனைக் கீழே வைத்தால் அந்த இரண்டு நொடி யூபர் ஏறாதே என்று நான் வில்லை எடுக்கவில்லை. ஆசை என்று ஒன்று அந்தச் சுற்றில் இருந்திருந்தால் அது இதுதான்.

இதை ஒட்டுக்கடையிலேயே தம்பியிடம் சொன்னேன். அன்றிரவு பேசிய பேச்சுக்கு வருத்தமும் தெரிவித்தேன். பிறகு மற்ற நான்கு சுற்றுகளையும் ஓட்டிப் பார்த்தோம். ஒன்பது சாவில் ஐந்து பக்க வழியிலிருந்து வந்தவை. அவற்றில் நான்கில் தம்பி அப்போது வழியை விட்டு முன்னால் போயிருந்தார். அந்த நான்கில் மூன்றில் போகும்போது அவர் உயிர் 70க்குக் கீழே. ஐந்தாவது சாவு முழுக்க என் தவறு, தேவையில்லாத இடத்தில் தனியாக நின்றேன்.

மாற்றியவை

இதற்குப் பிறகு நாங்கள் செய்த மாற்றங்களில் மிகவும் உதவியது ஒரு சொல். என் அப்பா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். காலையில் பெரட்டு என்ற ஆள்கணக்கெடுப்பு முடிந்ததும் ஆளுக்கு ஒரு நிரை பிரித்துக் கொடுப்பார்கள்; தன் நிரையில் ஒரு மரம் விட்டுப் போனாலும் அது அவர் பெயரில்தான் நிற்கும், அடுத்த நிரையில் எத்தனை மரம் உதவியாக வெட்டியிருந்தாலும் சரி. ரோமர்தான் அந்தப் பேச்சை எடுத்தார். அவர் வீட்டிலும் மூன்று தலைமுறை அதே வேலை. அன்றிலிருந்து பக்க வழிக்கு எங்கள் அணியில் ‘நிரை’ என்று பெயர். தம்பி அதை விட்டு நகர வேண்டுமானால் நகர்வதற்கு முன்பே “நிரை விடறேன்” என்று சொல்ல வேண்டும். இன்னொருவர் “நிரை என்கிட்ட” என்று சொல்லும்வரை காலை எடுத்து வைக்கக் கூடாது. சொல்வதற்கு ஒரு நொடிக்கு மேல் ஆகாது. அந்த ஒரு நொடி, வேகமாக ஓடக்கூடியவர் தம் வேகத்தை மறுபடி எண்ணிப் பார்க்கும் நொடியாகவும் இருக்கிறது.

பெட்டி இல்லையென்றால் அதை உடனே சொல்வது இரண்டாவது பழக்கம். புள்ளி கைக்கு வந்ததும் நான் முதலில் தேடும் ஆள் தம்பி. அவருக்கு 185 வரை ஏற்றிவிட்டுத்தான் பாக்கெட்டிடம் போவேன். 185 உயிரோடு இருக்கும் ஸ்கௌட் சோல்ஜரின் ஒரு ராக்கெட்டை நேராக வாங்கினாலும் எழுபதுக்கு மேல் மிச்சம் வைத்திருப்பார்; சண்டையிலிருந்து விலகி வந்து தகவல் சொல்ல அது போதும். யூபர் 80, 90 என்று ஏறும்போது நான் குரல் கொடுப்பேன். யூபரைத் திறந்து காம்போ வாசலைத் தாண்டிய பிறகு ஒன்றரை நொடி எண்ணி அவர் பக்க வழியிலிருந்து பாய வேண்டும். அப்போதுதான் எதிரிகளின் குண்டும் கண்ணும் முன்னால் இருக்கும். அதற்கு முன் போனால் அவர்தான் அவர்களுக்கு முதல் இரை, அதற்குப் பின் போனால் 8 நொடியில் பாதி தீர்ந்திருக்கும்.

முதல் இரண்டு வாரம் தம்பிக்கு இது கசந்தது. கில் எண்ணிக்கை பதினேழு, பதினெட்டு என்று இறங்கியது. சும்மா நிற்கிற மாதிரி இருக்கிறது என்றார். அது உண்மை, நன்றாகக் காக்கப்படும் பக்க வழியில் பெரும்பாலும் எதுவும் நடக்காது, நடக்காமல் போனது எந்தப் புள்ளிக்கணக்கிலும் ஏறாது. அதனால் ஆட்டம் முடிந்ததும் பக்க வழியிலிருந்து வந்த மெடிக் சாவு எத்தனை என்பதை நாங்களே தனியாக எழுதி வைக்கத் தொடங்கினோம். அந்த எண் ஐந்திலிருந்து இரண்டுக்கு வந்தது, சில ஆட்டங்களில் ஒன்றுக்கு.

விதி தவறாகப் போன சுற்றும் உண்டு. ஒருமுறை எதிரி மெடிக், நிறைந்த யூபரோடு, தம்பியின் துப்பாக்கி முன்னால் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். தம்பி “நிரை விடறேன்” என்று சொல்லிவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தார். பதில் வருவதற்குள் மெடிக் நகர்ந்துவிட்டார். அந்த யூபரால் நாங்கள் இரண்டாம் புள்ளியை இழந்தோம். அவர் செய்தது நாங்கள் சொன்னபடிதான். ஆகவே ஒரு விலக்கு வைத்தோம்: இரண்டு வெடியில் எட்டும் தூரத்தில் எதிரி மெடிக் நின்றால், யாரையும் கேட்க வேண்டாம். ஒரு ஸ்கௌட்டைக் கொடுத்து நிறைந்த யூபரோடு ஒரு மெடிக்கை எடுப்பது எந்தக் கணக்கிலும் லாபம். செத்த ஸ்கௌட், செத்தவர்கள் மறுபடி பிறக்கும் அடுத்த அலையிலேயே ஓடி வந்துவிடுவார், அந்த மெடிக் நாற்பது நொடி உழைக்க வேண்டும். சோல்ஜருக்கோ டெமோமேனுக்கோ இந்த விலக்கு இல்லை. அவர்கள் எவ்வளவு அடிபட்டிருந்தாலும் இல்லை.

அதே எதிரணியோடு மறுபடி ஆடினோம். நடுப்புள்ளியைப் பிடித்த கையோடு தம்பி பக்க வழிக்குள் போனவர், “பெட்டி இல்ல, படிக்கடியில பாருங்க” என்றார். காம்போ ஸ்கௌட் எங்கள் பக்கத்திலிருந்து திரும்பினார், தம்பி மறுபக்கத்தை அடைத்து நின்றார். படிக்கு அடியில் அதே ஆள் இருந்தார். இரண்டு ஸ்கௌட்டுக்கு நடுவில் அவரால் எங்கும் போக முடியவில்லை. அந்தச் சுற்றில் நான் நூறு விழுக்காட்டோடு வாசலைத் தாண்டினேன்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது. நடுப்புள்ளிச் சண்டையில் ரோமரும் தம்பியும் சேர்ந்தே செத்துவிட்டால், அவர்கள் பிறந்து ஓடி வரும்வரை நிரை யாரிடம்? டெமோமேனின், தரையில் ஒட்டிக்கொள்ளும் ஸ்டிக்கி குண்டுகளை அங்கே விரித்து வைக்கலாம் என்கிறார் ரோமர். அப்படிச் செய்தால் பெரிய வாசலைப் பிடிக்க எங்களிடம் எதுவும் மிஞ்சாது என்பது டெமோமேனின் வாதம். இரண்டையும் அடுத்த வாரம் ஆடிப் பார்க்கிறோம்.